சிகாகோவில் ஒரு பண்டகசாலை

சிகாகோ என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது விவேகானந்த அடிகளின் திருவுருவமே. சென்னை அன்பர்கள் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டி வழியனுப்ப, 1893-ஆம் ஆண்டு அவர் அங்கே சர்வசமயப் பேரவையில் பேசினார். அவர் பேசிய கட்டடம் இன்று கலைக்கூடமாக விளங்குகிறது. அதன் முன்னுள்ள மிச்சிகன் பெருவீதியில் அவர் பெயர் தாங்கிய பலகை ஒன்றும் உண்டு.

அக்கூடத்தின் எதிரிலிருந்து மேற்கே செல்வது ஆதம்ஸ் வீதி. அவ்வழியே ஏறக்குறைய ஒரு மைல் நடந்து, ஆற்றுப் பாலத்தையும் யூனியன் ரயில் நிலையத்தையும் கடந்தால் ஜெபர்சன் வீதி வரும். அங்கும் ஒருவர் பெயரை நகரத்தார் வீதிக்குச் சூட்டியிருக்கின்றனர். அவர் பிராங்கி நக்கிள்ஸ். துறவியும் அல்லர், அரசியல் தலைவரும் அல்லர். இசைத்தட்டுகளைச் சுழற்றிப் பிறரை ஆடவைத்தவர். அவ்வீதியின் 206-ஆம் எண் கட்டடத்தில், ‘வேர்ஹவுஸ்’ என்ற ஆடலரங்கில் அவர் ஒலிக்கச் செய்த இசைதான் பின்னர் ‘ஹவுஸ்’ என்ற பெயருடன் உலகெங்கும் பரவியது. வேர்ஹவுஸ் என்றால் பண்டகசாலை. அப்பெயரின் பிற்பாதியே இசைக்கும் பெயராயிற்று என்பர்.

தட்டைச் சுழற்றுவதும் ஒரு கலையா என்று அன்பர்கள் சிலர் வினவலாம். ‘டி.ஜே.’ எனப்படுபவர் பாடுவதில்லை. இரண்டு இசைத்தட்டுப் பொறிகளை முன்னே வைத்துக்கொண்டு, ஒரு பாடல் முடியுமுன்பே அதன் தாளத்தோடு இம்மியும் பிசகாமல் அடுத்த பாடலைப் பிணைக்கிறார். பாட்டு மாறிய இடம் தெரிவதில்லை. ஆடுவோர் கால்களும் ஓய்வதில்லை. எதற்குப் பின் எதை இசைப்பது என்று தேர்வதிலேதான் அவர் புலமை இருக்கிறது. ஆகவே கையினும் காதே அவருக்கு முதன்மையானது. அந்தக் காது எங்கே பழகியது என்பதைக் காண்போம்.

நக்கிள்ஸும் நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்தவரே. அவர் 1955-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். இளமையில் லாரி லெவான் என்னும் நண்பரோடு ஆடலரங்குகளைத் தேடித் திரிந்தார். அந்நாளில் டேவிட் மான்குசோ என்பவர் தாம் குடியிருந்த இடத்தையே அரங்காக்கி, அழைப்புப் பெற்றோரை வரவேற்று வந்தார். அங்கே மது விற்பதில்லை. சிறந்த ஒலிபெருக்கிகளில் நல்ல பாடல்களைக் கேட்பிப்பதே அவர் நோக்கம். நிக்கி சியானோ நடத்திய ‘காலரி’ என்னும் அரங்கில் நண்பர் இருவருக்கும் வேலை கிடைத்தது. பலூன் ஊதி அரங்கை அலங்கரிக்கும் எடுபிடி வேலைதான். ஆயினும் குருவின் வீட்டில் தண்ணீர் சுமந்துகொண்டே பாடம் கேட்கும் மாணாக்கரைப்போல, ஓர் இரவை எப்படித் தொடங்குவது, எங்கே உயர்த்துவது, எப்படித் தணிப்பது என்பதை அருகிருந்து கற்றனர்.

அவ்வரங்குகளில் மிகுதியும் ஒலித்தது பிலடெல்பியா நகரத்து இசை. 1971-இல் காம்பிள், ஹஃப் என்னும் இருவர் அங்கே ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினர். வயலின்களும் ஊதுகருவிகளும் நிறைந்த பெரிய வாத்தியக் குழு; அதன்மேல் உருக்கமான கறுப்பினக் குரல்கள். ஏர்ல் யங் என்னும் முரசுக் கலைஞர், நான்கு எண்ணிக்கையில் ஒவ்வோர் எண்ணுக்கும் காலால் இயக்கும் பெருமுரசை ஒலிக்கச் செய்தார். ‘ஹவுஸ்’ இசையின் முதுகெலும்பாகிய தாளம் இதுவே.

1977-இல் அழைப்பொன்றை ஏற்று நக்கிள்ஸ் சிகாகோ வந்தார். அந்நகரின் மண்ணும் இசைக்குப் பண்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் தென் மாநிலங்களின் கொடுமை பொறாது, சுமார் 60 இலட்சம் கறுப்பின மக்கள் வடக்கும் மேற்கும் சென்றனர். அவர்களில் பல இலட்சம் பேர் சிகாகோவில் இறங்கினர். நகரின் தென்பகுதியில் அவர்கள் நினைவாக ஒரு சிலை நிற்கிறது. கயிற்றால் கட்டிய பெட்டியைக் கையில் பிடித்து வடக்கு நோக்கி நிற்கும் மனிதன். அவன் உடை முழுதும் தேய்ந்த செருப்பின் அடித்தோல். ஊர் விட்டு வந்த எவரும் அதன்முன் சற்று நிற்காமல் போக முடியாது.

அம்மக்கள் பெட்டியில் கொண்டுவந்தவை சில. நாவில் கொண்டுவந்தவை பல. ஜார்ஜியாவிலிருந்து வந்த தாமஸ் டார்சி, துயரப் பாடல்களுக்குப் பியானோ வாசித்தவர். 1932-இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருங்கே இழந்தார். பில்கிரிம் திருச்சபையின் பாடற்குழுவை நடத்திய அவர், துயரப் பாட்டின் நடையைத் தேவபாடலில் கலந்தார். தலைவர் ஒருவர் பாட, கூட்டம் எதிர்ப்பாட்டுப் பாட, கைத்தாளம் ஓங்கும் அந்த வழிபாட்டிசையில் பழகிய தலைமுறைக்கு நக்கிள்ஸின் இசை புதிதாயினும் அந்நியமாய் இல்லை.

வேர்ஹவுஸுக்கு வந்தோரில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர். லத்தீன் அமெரிக்க மரபினரும் இருந்தனர். தன்பால் விருப்புடையோர் என்பதால் பிற இடங்களில் வெறுக்கப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு அது தாய்வீடு போன்றிருந்தது. சிலவேளை விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, விரைந்து பாய்ந்து வரும் ரயிலின் ஓசையை அவர் அரங்கில் முழங்கவிடுவாராம்.

1979 ஜூலை 12 அன்று அந்நகரின் விளையாட்டரங்கம் ஒன்றில், ‘டிஸ்கோ’ இசையை ஒழிப்போம் என்று கூவி, ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்வகைப் புதிய தட்டுகள் வரவரக் குறைந்தன. நக்கிள்ஸ் சோர்ந்துவிடவில்லை. பழைய பாடல்களை நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டி, இனிய பகுதிகளை நீட்டினார். பின்னர் டெட்ராய்ட் இளைஞர் டெரிக் மேயிடம் ஜப்பானியத் தாளப்பொறி ஒன்றை வாங்கி, அதன் முழக்கத்தையும் சேர்த்தார். வாத்தியக் குழு இல்லாத இடத்தில் பொறி வந்தது. ஆனால் பொறிக்கு வழிகாட்டியது இளமையில் கேட்ட பிலடெல்பியா முரசுதான்.

2004-இல் வீதிக்கு அவர் பெயர் இடப்பட்டது. 2014-இல் அவர் மறைந்தார். விற்பனையாலும் இடிப்பாலும் அக்கட்டடம் அழியுமோ என்று அன்பர்கள் அஞ்சி முறையிட, 2023-இல் நகர மன்றம் அதனைக் காக்கத்தக்க சின்னமாக அறிவித்தது.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நம் மொழியும் இசையும் பிள்ளைகளிடம் நில்லாது போகுமோ என்ற கவலை நம் வீடுகள்தோறும் இருக்கிறது. அவர்கள் கேட்பதை விலக்குவதால் அக்கவலை தீராது. இளங்காதில் நாம் நல்லதை இட்டுவைக்க வேண்டும். நாளை அவர்கள் இசைப்பது நமக்கு வேற்றிசையாகத் தோன்றலாம். எனினும் நம் வீட்டில் கேட்ட தாளம் அதன் அடியில் நடந்துகொண்டிருக்கும்.

சிகாகோ செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள், அடிகள் பேசிய கூடத்தை வணங்கியபின் அந்த ஒரு மைலையும் நடந்து பார்ப்பார்களாக.