டிவிக்குள்ளே டாக்டர்

அடியே,

போன்ல சொன்னா ருசிக்காதுன்னுதான் எழுதுறேன். எதிர்வீட்டு அப்பத்தா, கஞ்சி போட்ட சின்னாளபட்டிச் சுங்குடியைக் கட்டிக்கிட்டுக் கிளம்புச்சு. எங்கேங்கிறே? கண்ணு காட்ட! "டாக்டரு டிவியில வர்றாராம்ல, அவரும் நம்மளப் பாப்பாருல்ல?" மருமக மூஞ்சி போன போக்கை நீ பாத்திருக்கணும்.

முந்தியெல்லாம் நம்ம பக்கம் கண்ணுன்னா முகாம்தானே. ஆட்டோவில மைக் கட்டிச் சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல லயன்ஸ் கிளப்காரங்க பெஞ்சு போடுவாங்க. புரை இருந்தா அன்னிக்கே பஸ்ஸில ஏத்தி மதுரை அரவிந்துக்கு. ஆபரேஷன், சாப்பாடு எல்லாம் இலவசம். முடக்குவாதத்துல விரல் கோணிப்போன வெங்கடசாமி டாக்டர், ரிட்டயர் ஆனப்புறம் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது அது.

முகாம்ல என்ன குறைங்கிறியா? 1999ல வந்த ஒரு ஆய்வுல, கண்ணுல கோளாறு உள்ளவங்கள்ல நூத்துக்கு ஏழு பேர்தான் முகாமுக்கே வந்திருக்காங்க. மத்தவங்களுக்குப் பயம், கூலி போயிடும், கூட்டிட்டுப் போக ஆளில்லை.

அதுக்கப்புறம்தான் அரவிந்துக்காரங்க தேனிப் பக்கம் போடி, சின்னமனூர்னு சின்னச் சின்னக் கண் மையம் தொறந்தாங்க. அங்கேருந்து டாக்டரோட வீடியோவில பேசணுமே; அதுக்கு, வீட்டு மாடியைத் தாண்டாத வைஃபையை, கோபுரத்துல ஆன்டெனா வச்சுக் கிலோமீட்டர் கணக்குல ஓடவிட்டவங்க அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆளுக. 2006 வாக்குல நடந்தது. இப்போ அரவிந்துக்கு இந்த மாதிரி மையம் நூத்துக்கு மேல.

அப்பத்தா கதைக்கு வர்றேன். டாக்டர் பேசினது ரெண்டே நிமிஷமாம். அதுக்கு முன்னாடி தாடையைத் தாங்கில வைக்கச் சொல்லி, கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினது ஒரு பொண்ணு. பள்ளிப் படிப்பு முடிச்ச கிராமத்துப் பிள்ளைகளுக்கு ரெண்டு வருஷம் பயிற்சி குடுத்து உக்கார வைக்கிறாங்க. அவ பாத்தது தப்புன்னா, திரையில இருக்கவரு எம்புட்டுப் பெரிய டாக்டரா இருந்து என்ன? ஊரடங்கு தொடங்கின 2020 மார்ச் 25 அன்னிக்கே தொலை மருத்துவத்துக்கு நெறிமுறை வந்துச்சு. அதுலருந்து எல்லாரும் போனையே புகழுறாங்க. பிரஷர் மாத்திரையைத் தொடர்ந்து எழுதிக் குடுக்க அது போதும். சர்க்கரை கண்ணுக்குள்ள என்ன பண்ணியிருக்குன்னு பாக்க, பக்கத்துல ஒரு ஆள் வேணும்டி.

அப்பத்தாவுக்குப் புரைன்னு சொல்லிட்டாரு. மதுரைக்கு எந்தச் சேலைங்கிற பஞ்சாயத்து இன்னும் ஓடுது.

உங்க மாமனார் பேர்ல இலவச முகாம் போடப் போறதா எழுதியிருந்தியே. பேனர் செலவைக் குறைக்கச் சொல்லு. அந்தக் காசுல, பயிற்சி எடுத்த ஒரு நர்ஸு வாரம் ஒரு நாளாவது ஊருக்கு வந்து, டாக்டரை வீடியோவில கூப்பிட்டு, முகாம்ல பாத்தவங்களைத் திரும்பக் காட்ட ஏற்பாடு பண்ணச் சொல்லு. நீ சொன்னா உன் வீட்டுக்காரர் கேப்பாரு.