பாயில் பரப்பிய தாள்கள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு மூன்று தலைமுறைக் கடை. தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்தவர். தமிழ் வழக்கப்படி தகப்பனார் எழுத்தைப் பெயருக்கு முன்னால் போடுவோம். மலையாளப் பள்ளிக்கூடத்தில் பின்னால் போடுவார்கள். சிறிய விஷயம் என்று நானும் நினைத்திருந்தேன்.

என் மூத்தவனுக்கு எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் ஓர் எழுத்து. சாதிச் சான்றிதழில் தாத்தாவின் எழுத்தும் சேர்ந்து இரண்டு. சேர்க்கைக்குப் போன இடத்தில், இரண்டு பெயரும் ஒருவரே என்று கிராம அலுவலகச் சான்று கேட்டார்கள். அலைந்து வாங்குவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அவன் ஆசைப்பட்ட இயற்பியல் கிடைக்கவில்லை. வேறு படித்தான், நன்றாகவே இருக்கிறான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. முந்தின கோடை விடுமுறை முழுக்க அவனைக் கல்லாவில் உட்கார வைத்தேனே தவிர, அந்தத் தாள்களை ஒருநாள்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

அவன் மகள் போன மார்ச்சில் பிளஸ் ஒன் முடித்தாள். பள்ளி மூடிய மறுநாளே தாள்களையெல்லாம் பாயில் பரப்பினோம். ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னேன். ஆதாரில் ஆங்கில 'எச்' ஒன்று கூடுதலாக இருந்தது.

"ஒரு எச்சுக்கா தாத்தா இவ்வளவு?"

"ஒங்க அப்பாவுக்கும் ஒரு எழுத்துதான் மக்களே."

அக்ஷயா சேவை மையத்தில் அதைத் திருத்தினோம். பிழை எஸ்எஸ்எல்சி சான்றிதழில் இருந்திருந்தால், பள்ளி வழியாகப் பூஜப்புரை பரீட்சா பவன் வரை போக வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டும். எல்லாவற்றையும் இப்போதே வாங்கவும் கூடாது. ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வில், பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் அந்தந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். தமிழகத்திலிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பங்களின் பாடு இன்னும் பெரிது. 1950க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆவணம் தேட வேண்டும். பழைய பள்ளிப் பதிவேடு, வீட்டு வரி ரசீது என்று தேடத் தொடங்கினால் ஒரு விடுமுறை போதாது.

ஒருநாள் வெயில் ஏறுமுன் பாளையம் போனோம். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த கல்லூரி இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ்தான் என்றதும் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு 1829இல் தொடங்கிய பொது நூலகத்தில் உட்கார்ந்தோம். கேரளத்தில் 2024 முதல் பட்டப்படிப்பு நான்காண்டு. மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கி விலகவும் வழி உண்டு. முதன்மைப் பாடத்தோடு எந்தத் துணைப் பாடம் எடுப்பது என்று நோட்டில் எழுதி எழுதி அடித்தாள். கடைசியில் அடிக்காமல் விட்டது இயற்பியல். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். உங்கள் வீட்டிலும் பிளஸ் ஒன் முடித்த பிள்ளை இருந்தால், இன்று மாலையே அந்தத் தாள்களை எடுத்துப் பாயில் பரப்புங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.