பார்ப்பதற்குக் காசில்லை

சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டிய காலத்தில், ஜொகூர் பாருவில் இருக்கும் நாம் அக்கரைக்கு உல்லாசப் பயணம் போவது கொஞ்சம் துணிச்சலான காரியம்தான். அங்கே சம்பாதித்து இங்கே செலவழிப்பவர்கள் கதை வேறு. இங்கே சம்பாதித்து அங்கே செலவழிக்கப் போகிறவனுக்குக் கடற்பாலத்தைத் தாண்டியதுமே பணப்பை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 1973 மே மாதம் வரை இந்தத் தொல்லை இல்லை. இரு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்று என்று மாறியது. என் அத்தை அந்தக் காலத்தில் சிராங்கூன் சாலைக்குப் போய்த் தீபாவளிச் சேலை எடுத்தவர். இன்றைக்கும் அங்கே எந்த விலையைப் பார்த்தாலும் மனத்துக்குள் மூன்றால் பெருக்கிவிட்டு, "ஏன் தம்பி, இந்தக் காசுக்கு நம்ம ஊர்லயே ரெண்டு எடுக்கலாமே" என்பார்.

அவர் கணக்கு சரிதான். ஆனால் அது வாங்கப் போகிறவர்களின் கணக்கு. பார்க்கப் போகிறவர்களுக்குச் சிங்கப்பூரைப் போல மலிவான ஊர் இல்லை என்பது என் கட்சி.

போவதென்றால் பொங்கலை ஒட்டிப் போக வேண்டும். தமிழ்நாட்டில் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் மார்கழி, தை மாதங்களில் நம் பக்கம் மழையைக் கொண்டுவருகிறது. விடாமல் தூறும் நாட்களில் வெப்பம் 22, 23 டிகிரிக்கு இறங்கும். சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த அளவே 19 டிகிரியை ஒட்டித்தான். பனிக்கட்டி பார்த்தவர்கள் சிரிக்கலாம். நமக்கு இதுதான் குளிர்காலம். வெயில் இல்லாததால் நடக்கலாம்; நடந்தால் செலவு பாதியாகும்.

லார்க்கினில் 170ஆம் எண் பேருந்தில் ஏறி, இரண்டு சோதனைச்சாவடிகளிலும் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏறினால் குவீன் ஸ்திரீட் நிலையம். அங்கிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா நடை தூரம்தான். அத்தையும் நானும் போன ஞாயிற்றுக்கிழமை வானம் பொத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளை ஒட்டிப் போனால் அதிகம் நனைய வேண்டியதில்லை. வீட்டு முகப்பில் தெரு நெடுகத் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822லேயே நகர அமைப்புக் குழுவுக்கு உத்தரவிட்டிருந்தார். அந்த ஐந்தடிப் பாதைகள் இரு நூற்றாண்டு கழித்தும் வழிப்போக்கனுக்கு இலவசக் குடை.

தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் காலை உணவு. தோசையும் தேநீரும் இருவருக்கும் சேர்த்துப் பத்து வெள்ளிக்குள் அடங்கியது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம். அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டில் இருந்த சாம்பார்க் கிண்ணம் ஆடாமல் கோயிலுக்குத் தாம்பாளம் எடுத்துப்போவது போல நடந்தார். வெளியே பஃபலோ சாலையில் கரும்புக் கட்டுகள் சுவரில் சாய்ந்திருந்தன. மஞ்சள் கொத்தில் மண் ஈரமாக ஒட்டியிருந்தது. பூக்கடைப் பெண் ஈரத்துணியை விலக்கி, மல்லிகைச் சரத்தை முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீட்டி அளந்தாள். அளந்த பிறகு நாலு விரற்கடை தாராளமாகவே விட்டு நறுக்கினாள். அன்றைய தினம் அத்தை பெருக்கிப் பார்க்காமல் காசு கொடுத்தது அந்த ஒரு முழத்துக்குத்தான்.

லிட்டில் இந்தியாவிலிருந்து பேஃபிரன்ட் ரயிலில் நான்கே நிறுத்தம். கட்டணம் இரண்டு வெள்ளிக்கும் குறைவு. மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்த மரினா பே சேண்ட்ஸ் இங்கேதான் இருக்கிறது. 2010இல் திறந்தது, உலகப் பணக்காரர்கள் தங்கும் இடம். மேல்தளத்துக்கு ஏறிப் பார்க்க முப்பது வெள்ளிக்கு மேல். நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கையில், ஞாயிறு விடுமுறைக்கு வந்திருந்த இளைஞர்களில் ஒருவர், பேச்சில் புதுக்கோட்டைப் பக்கம் போலத் தெரிந்தது, "மேல ஏறக் காசு கேப்பாங்கம்மா. அந்தப் பாலத்தைத் தாண்டிச் சிங்கத்துக்கிட்ட போங்க, எல்லாமே தெரியும்" என்றார். ஆறு நாளும் கட்டுமானத் தளத்தில் நின்றுவிட்டு ஒருநாள் மட்டும் ஊர் பார்க்கும் இவர்களைவிடச் சிக்கனச் சுற்றுலாவில் தேர்ந்தவர்கள் யார்? எந்தக் குழாயில் குடிநீர் பிடிக்கலாம், எந்தப் படிக்கட்டில் மழை படாமல் உட்காரலாம், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அவர் சொன்னபடி பாலம் தாண்டி மெர்லயனிடம் போனோம். 8.6 மீட்டர் உயரச் சிங்கம் வாயால் நீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தார். "கடல்னு சொன்னியே, உப்பு வாசனையே இல்ல?"

இருக்காது. அது கடல் இல்லை. விரிகுடாவின் வாயில் 350 மீட்டர் அகலத்துக்கு அணை கட்டி 2008இல் திறந்தார்கள். 2010இலிருந்து உள்ளே இருப்பது நன்னீர்த் தேக்கம். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை இங்கே வந்து சேர்கிறது. கனமழையின்போது கடல் வற்றியிருந்தால் ஒன்பது மதகுகளைத் தாழ்த்தி நீரை வெளியேற்றுவார்கள். கடல் ஏறியிருந்தால் ஏழு ராட்சதப் பம்புகள் இறைத்துத் தள்ளும். எங்கள் பயணத்தைக் கெடுக்க வந்ததாக நினைத்த மழை அந்த ஊருக்குக் குடிநீர். கேட்டதும் அத்தை மழையைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

உண்மையான கடற்கரை எங்கே இருந்தது என்று பார்க்கவும் காசு வேண்டாம். தெலுக் ஆயர் தெருவுக்குப் போனால் போதும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1828-30இல் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டிய தர்கா அங்கே இருக்கிறது; இப்போது மரபுடைமை நிலையம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் கரையேறியதும் நன்றி சொன்ன இடம். சில கட்டடங்கள் தள்ளி, சீனர்கள் தங்கள் கடல் தெய்வத்துக்குக் கட்டிய தியான் ஹோக் கெங் கோயில். அந்தச் சீனக் கப்பல்களைத் தெற்கே தள்ளிவந்ததும் இதே வடகிழக்குக் காற்றுதான். அன்று அலை தொட்ட வாசலுக்கு முன்னால் இன்று வங்கிக் கோபுரங்கள். 1972இல் வைத்த மெர்லயனைப் புதுப்பாலம் மறைத்ததால், 2002இல் நீரைப் பார்க்கும்படி 120 மீட்டர் நகர்த்தினார்கள். கடல் விலகிப் போக, தர்கா நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இருட்டியதும் மரினா பே கரைக்குத் திரும்பினோம். எட்டு மணிக்கு நீரின்மேல் ஒளிக்காட்சி. அதுவும் இலவசம். கால் மணி நேரம். அத்தை மல்லிகையைத் தொட்டுக்கொண்டே குடைக்குள் நின்று பார்த்தார்.

காசு எதற்குத்தான் கேட்கிறார்கள் என்றால், நாற்காலிக்கு, குளிர்சாதனத்துக்கு, உயரத்துக்கு. அதே நீரைப் பார்த்துக்கொண்டு ஒரு கோப்பை காப்பி குடிக்க உட்கார்ந்தால் தேக்காவின் இரண்டு காலை உணவு போய்விடும். ஆனால் ஓட்டல்கள் எத்தனை இருந்தாலும் அவை நடைபாதைக்குப் பின்னால்தான் நிற்கின்றன. கரையைச் சுற்றி யாரும் வேலி போடவில்லை, சீட்டுக் கேட்கவில்லை. கடலோர நகரம் ஒன்றின் பெருமையை அதன் ஓட்டல்களை வைத்து அளக்கக்கூடாது. இருபது வெள்ளியோடு வருகிறவனுக்குக் கரையில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவில் சிங்கப்பூர் தேறிவிட்டது.

ஆகவே வெள்ளி விலை இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடையும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள், தேக்காவில் வயிறார உண்ணுங்கள், முதல் ஒளிக்காட்சி முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். கடற்பாலத்து வரிசை எப்போது நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது.