பசியும் நடையும்

சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசற் படிகளில் இறங்குவோரில் ஒரு பகுதியினர் வீட்டுக்குத் திரும்பாது கடற்கரையை நோக்கி நடப்பது கல்முனைக்குடியில் இன்று வழக்கமாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதிய கடற்கோளுக்கு முன்னர் வீடுகள் நெருங்கி நின்ற நிலத்தில் இன்று மனிதர் நடக்கின்றனர். வைத்தியரின் கட்டளைக்காக நடப்போர் சிலர். தொந்திக்கு அஞ்சி நடப்போர் சிலர். உதைபந்தாட்டக் குழுவில் இடம்பிடிக்க ஓடும் இளைஞர் சிலர். இவர்கள் அனைவரையும் ஒரு கேள்வி தொடர்கின்றது. உண்டுவிட்டு வருவதா, உண்ணாது வருவதா?

அக்கடற்கரையிலே தினமும் ஓடிய இளைஞன் ஒருவன் இக்கேள்விக்கு மூன்று முறை விடை கண்டான். முதலிரண்டும் அவனுடைய வயிற்றோடு போயின. மூன்றாவது அவனுடைய வாப்பாவின் உயிரைத் தொட்டது.

முதல் விடை ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் பின் உறவினர் வீட்டுத் திருமண விருந்தில் வயிறார உண்ட புரியாணியுடன், மாலை நான்கு மணிக்குச் சந்தாங்கேணி மைதானத்தில் ஆட இறங்கினான். இருபது நிமிடங்கூடச் செல்லவில்லை. வலப்புற விலாவின் கீழே ஊசி குத்துவது போன்ற வலி எழுந்தது. அடுத்த பத்து நிமிடத்தில், கோல் கம்பத்தின் அருகே நின்று, உண்டதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தான். உண்ட உணவு செரிப்பதற்கு இரைப்பையும் குடலும் குருதியை வேண்டி நிற்கின்றன. ஓடுங் கால்களோ அதே குருதியைத் தமக்கென இழுக்கின்றன. இந்த இழுபறியிலே தோற்பது பெரும்பாலும் வயிறே. நிறைவான உணவுக்கும் கடும் பயிற்சிக்கும் இடையே மூன்று நான்கு மணித்தியாலம் கழியவேண்டும், சிறிதளவு உண்டால் ஒன்று இரண்டு மணித்தியாலம் போதும் என்று உடற்றொழிலியலாளர் கூறுவது இதனாலேயே.

அவனுடைய உம்மம்மாவுக்கு இதனைக் கூற எந்த நூலும் தேவைப்படவில்லை. அவருடைய கணவர் கரைவலை இழுத்தவர். பேரன் வெளிறிய முகத்துடன் வந்ததைக் கண்டு, "வயிறு முட்டத் திண்டுபோட்டு வலைக்குப் போனா, நீ கயித்த இழுக்கமாட்டா மனே, வயிறுதான் உன்ன இழுக்கும்" என்றார். கரைவலைக்குச் செல்வோர் விடியற்புறத்திலே பழஞ்சோற்றுத் தண்ணீரை உப்பிட்டுக் குடித்துவிட்டுப் போவார்களாம். மடி கரையேறி, மீன் பங்கிடப்பட்ட பின்னரே சோறு. இடையிற் பசிக்காதா என்று பேரன் கேட்டான். "இழுக்கக்குள்ள பசி எங்க வரும்? இழுத்து முடிஞ்சு கால நீட்டி இருக்கக்குள்ளதான் வரும்" என்பது அவர் தந்த விடை.

அக்கூற்று முற்றிலும் உண்மை. இரைப்பையிலே சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோனை யப்பானிய அறிஞர் கொஜிமாவும் கங்காவாவும் 1999 இல் கண்டறிந்து வெளியிட்டனர். கடுமையாக உழைக்கும்போது குருதியில் இதன் அளவு சிறிது நேரம் தாழ்கின்றது. பசியடக்கும் வேறு சில ஓமோன்கள் உயர்கின்றன. ஆதலாலேயே ஓட்டத்தின் உச்சத்தில் இருப்பவன் உணவை நினைப்பதில்லை. மெல்ல நடப்பவனுக்கு இச்சலுகை கிடைப்பதில்லை. நாற்பது நிமிடம் உலாவிவிட்டுப் பிரதான வீதித் தேநீர்க் கடையில் இரண்டு பராட்டாவும் சீனி மிகுந்த பால் தேநீரும் அருந்தி, நடந்து செலவிட்டதை வட்டியுடன் மீட்டுக்கொள்ளும் பெரியவர்களைக் கல்முனையில் எந்தக் காலையிலும் காணலாம். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, அது மெல்லடியின் பசி.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. புரியாணியினாற் பாடங்கற்ற இளைஞன், ஒன்றும் உண்ணாது ஓடுவதென முடிவுசெய்தான். முதலிற் சிறப்பாகவே இருந்தது. அரைமணி நேரம் மணலில் ஓடுவான். பசி ஒரு முறை எழும். வேகத்தைக் கூட்டினால் அடங்கிவிடும். "பசி வந்தா இன்னும் கொஞ்சம் ஓடு, அது போயிரும்" என்று நண்பர்களுக்கு உபதேசிக்கவுந் தொடங்கினான். ஒரு நாள் ஓட்டத்தை ஒன்றரை மணித்தியாலமாக நீட்டியபோது கால்கள் ஈயமாகிக் கண்கள் இருண்டன. ஈரலிலே சேமித்து வைக்கப்படும் கிளைக்கோசன் ஏறத்தாழ 100 கிராம் மட்டுமே. இரவு முழுவதும் மூளைக்கு உணவூட்டி, விடியும்போது அதிற் பெரும்பகுதி தீர்ந்துவிடுகின்றது. தசைகளிலே 400 கிராம் வரை இருப்பினும், தசை தன் சேமிப்பைக் குருதிக்குக் கடனாகக்கூடக் கொடுப்பதில்லை. எனவே அரைமணி ஓட்டத்துக்கு வெறும் வயிறு தாங்கும். நீண்ட ஓட்டத்துக்கு ஒரு வாழைப்பழமாவது முன்கூட்டிச் செல்லவேண்டும். இதனை அறிந்த பின்னரும் தன் உபதேசத்தை அவன் கைவிடவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

பின்னர் நோன்பு மாதம் வந்தது.

இலங்கையில் நோன்பின் நீளம் 13 தொடக்கம் 14 மணித்தியாலம் வரையே. 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டிகள் ரமழானில் நிகழ்ந்தபோது அந்நகரின் நோன்பு 17 மணித்தியாலத்தையுங் கடந்தது; போட்டியாளர் சிலர் நோன்பு நோற்றனர், சிலர் பிற்போட்டனர். கூடைப்பந்தாட்ட வீரர் ஹக்கீம் ஒலாஜுவொன் நோன்புடன் ஆடியே 1995 பெப்ரவரியில் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் அம்மாதத்துச் சிறந்த வீரராகத் தெரிவானார். 2021 ஏப்ரல் 26 இல் லெஸ்ரர் அணிக்கும் கிறிஸ்ரல் பலஸ் அணிக்கும் இடையிலான போட்டி, இரு வீரர் நோன்பு திறப்பதற்காகச் சற்று நிறுத்தப்பட்டது. இச்செய்திகளையெல்லாம் நம் இளைஞன் மனப்பாடமாக அறிவான். அஸருக்குப் பின் ஓடி, மஃரிப் பாங்கோடு பேரீத்தம்பழத்தைக் கடித்து, நோன்புக் கஞ்சியைக் குடிக்கும் இன்பத்துக்கு ஈடில்லை என்பான். இளமையான, நோயற்ற உடலுக்கு அவ்வேளையில் மிதமான பயிற்சி தீங்கன்று. ஓடி முடித்ததும் உணவும் நீரும் காத்திருக்கின்றன.

வாப்பாவின் உடலோ வேறு. ஆறு ஆண்டுகளாக நீரிழிவு. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர். கடமைகளை ஒத்திப்போடும் வழக்கமற்றவர். நோயாளியும் பயணியும் நோன்பைப் பின்னர் நோற்கலாம் என்ற இறைவசனத்தை மாணவர்க்கு ஆண்டுதோறும் விளக்கியவர், அதனைத் தனக்கென ஒருபோதும் எண்ணியதில்லை. வழக்கமாகக் காலையுணவுடன் விழுங்கும் கிளிபென்கிளமைட்டு மாத்திரையை அளவு குறைக்காது ஸஹர் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். வைத்தியரிடம் கேட்கவில்லை, நோன்பை விடச் சொல்லிவிடுவாரோ என்ற அச்சம். காலை நடையையும் மாலைக்கு மாற்றி, மகனோடு புறப்பட்டார்.

அன்று இருவரும் கல்முனைக்குடியிலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கிச் சென்றனர். பாண்டிருப்பை நெருங்கும்போது மாலை ஐந்தரை. வாப்பா நின்றார். "கடுமையாப் பசிக்குது மனே" என்றார். நோன்பு நோற்றுப் பழகிய அவர் வாயிலிருந்து அச்சொல் வந்ததே புதுமை. மகனோ சிரித்தான். "நிண்டாத்தான் பசிக்கும் வாப்பா. இன்னும் பத்து நிமிஷம் கொஞ்சம் வேகமா நடங்க, போயிரும்."

அவர் மகனின் சொல்லைக் கேட்டு நடந்தார். அந்தப் பத்து நிமிடத்தை அவனால் இன்றும் மறக்க இயலவில்லை. கடற்காற்று வீசிக்கொண்டிருந்தும் சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்தது. விரல்கள் நடுங்கின. மகன் கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத விடை வந்தது. பின்னர் முழங்கால் மடங்கி மணலில் அமர்ந்துவிட்டார்.

மாத்திரை சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டேயிருக்கின்றது. நடக்கும் தசை குளுக்கோசை உறிஞ்சுகின்றது. ஈரலின் சேமிப்போ மிகக் குறைந்துவிட்டது. 100 மில்லிலீற்றர் குருதியில் குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது உடல் அதிரினலினைக் கொட்டி எச்சரிக்கின்றது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, இவற்றோடு கொடும்பசி. ஓடுபவனின் பசியும் இதுவும் பெயரால் ஒன்றே. ஆயினும் முன்னையது வேகத்தால் அடங்கும். பின்னையது வேகத்தால் மயக்கத்துக்கும் அதற்கப்பாலும் இட்டுச்செல்லும்.

அருகிலிருந்த சிறு கடையொன்றிலிருந்து தமிழ்ப் பெண்ணொருவர் ஓடிவந்தார். அவருடைய தாயாருக்கும் இதே நோய், பார்த்ததும் விளங்கிக்கொண்டார். கிளாசிலே மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக்கொண்டு வந்து, "காக்கா, முதல்ல இதக் குடியுங்க" என்றார். வாப்பா தலையை அசைத்தார். "நோன்பு... இன்னும் முக்கால் மணித்தியாலந்தானே" என்று குழறினார். மகன் செய்வதறியாது நின்றான். அந்தப் பெண்ணே அதட்டினார்: "கடவுள் கணக்குப் பாக்கமாட்டார் காக்கா, குடியுங்க." அவர் குடித்தார். பதினைந்து நிமிடத்தில் முகத்திற் களை வந்தது. வந்த பின்னர் அவர் அழுதார். நாற்பது ஆண்டுகளில் முறிந்த முதல் நோன்பு அது.

அன்று இரவே வைத்தியரிடம் சென்றனர். வைத்தியர் கடிந்துகொள்ளவில்லை, கிளிபென்கிளமைட்டை நிறுத்தி, அத்தகைய தாழ்வை எளிதில் உண்டாக்காத மெற்போமினை எழுதி, பெரும் பங்கை நோன்பு திறந்த பின் எடுக்கும்படி வகுத்தார். குருதியைக் குத்திப் பார்ப்பது நோன்பை முறிக்காதென்றும், 70 இற்குக் கீழே இறங்கினால் எந்நேரமாயினும் திறந்துவிடவேண்டுமென்றும் கூறினார். மஃரிபுக்கு முந்திய நடை கூடாது. தராவீஹ் தொழுகையில் நின்றும் குனிந்தும் எழுந்தும் கழியும் நேரமே அவருக்கு நல்ல உடற்பயிற்சி, வேண்டுமாயின் அதன்பின் சற்று நடக்கலாம் என்றார். மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்திலே வள்ளுவர் மருந்தைவிட உணவின் அளவையுங் காலத்தையுமே மிகுதியும் பேசுவதன் நியாயம் இத்தகைய இடங்களிலேதான் விளங்குகின்றது.

வீடு திரும்பும் வழியில் மகன் எதுவும் பேசவில்லை. தன் உபதேசத்தைப் பற்றி வைத்தியரிடம் அவன் கூறியிருக்கவில்லை, வாப்பாவும் கூறவில்லை. படலையைத் திறக்கும்போது மட்டும், "நான் சொல்லித்தானே நடந்தீங்க வாப்பா" என்றான். "நீ சொன்னா நான் நடப்பன்தானே" என்றார் அவர்.

எஞ்சிய நோன்புகளை வைத்தியரின் சொற்படி, மகன் நாளுக்கு நான்கு முறை விரலைக் குத்திப் பார்க்க, வாப்பா நோற்றார். தராவீஹுக்குப் பின் இருவரும் நிலவொளியில் நடந்தனர். மகனுடைய சட்டைப் பையிலே கற்கண்டுப் பொதி ஒன்று எப்போதும் இருந்தது. பெருநாளன்று காலை, உம்மா அவித்த வட்டிலப்பத்தில் ஒரு பாத்திரத்தைத் துணியாற் கட்டி வாப்பா அவனிடம் கொடுத்தார். எங்கே கொண்டுசெல்வதென்று அவன் கேட்கவில்லை.

பாண்டிருப்புக் கடைப் பெண் பாத்திரத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "காக்கா இப்ப நடக்கிறாரா தம்பி?" என்று கேட்டார்.

"ராவைல நடக்கிறார் அக்கா."

"சாப்பிட்டுப்போட்டா?"

"ஓம், சாப்பிட்டுப்போட்டுத்தான்" என்றான் அவன்.