செல்லாக்காசு டப்பா

இது கொசுவத்திச் சுருள் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்கா.

எங்க அப்பா பாபநாசத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல மளிகைக்கடை வச்சிருந்தார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துலயே துருப்பிடிச்ச பிஸ்கட் டப்பா ஒண்ணு இருக்கும். வீட்டுல அதுக்குப் பேரு 'செல்லாக்காசு டப்பா'. தேஞ்ச காசு, ஓட்டைக் காசு, அரசாங்கம் நிறுத்தின காசுன்னு யார் எதைக் கொண்டு வந்தாலும் அப்பா முகத்துக்கு நேரா "இது செல்லாது"ன்னு சொல்ல மாட்டார். வாங்கிப்பார். சாமானைக் குடுத்து அனுப்பிட்டு, காசைக் கல்லாவுல போடாம டப்பாவுல போட்டுடுவார். அம்மாவுக்கு அதுல தீராத கோபம். "ஊரு நஷ்டத்தையெல்லாம் டப்பாவுல சேத்து வைக்கிறாரு உங்கப்பா"ன்னு எங்க கிட்ட சொல்லும்.

இதுல வேடிக்கை என்னன்னா, பள்ளிக்கூட நாள்லேர்ந்து நானும் காசு சேர்க்கிறவன். ஆனா அந்த டப்பா பக்கம் திரும்பிக்கூட பார்த்ததில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் பளபளன்னு இருக்கிற நினைவுக் காசுகள்: 1973-ல வந்த 'அதிக உணவு விளைவிப்போம்' அம்பது பைசா, 1982 ஏசியாட் காசு, 1985 இந்திரா காந்தி காசு. காசைத் திருப்பி, வருஷத்துக்குக் கீழே வைரக்குறி இருந்தா பம்பாய், நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கல்கத்தான்னு கூடப் படிக்கிற பசங்ககிட்ட பீத்திக்கிறதுல ஒரு சந்தோஷம். அப்பா எப்பவாவது "டப்பாவுல இருக்கிறதையும் பாரேன்டா"ன்னு சொல்வார். "அதெல்லாம் குப்பைப்பா"ன்னு சொல்லியிருக்கேன். எத்தனை தடவைன்னு கணக்கு வச்சுக்கலை.

அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. போன தை மாசம் வீட்டை ஒழிச்சப்ப டப்பா பரண்லேர்ந்து இறங்கிச்சு. அக்கா, "நீதான் காசுப் பைத்தியம், நீயே எடுத்துக்க. ஏதாவது தேறுதான்னு பாரு"ன்னுது. சரி, நாணயக் கண்காட்சிக்கு வர்ற வியாபாரி ஒருத்தர்கிட்ட காட்டலாம்னு முடிவு பண்ணேன். அழுக்கா எடுத்துட்டுப் போனா மரியாதை இருக்காதேன்னு, முதல் நாள் ராத்திரி புளியைக் கரைச்சு ஊற வச்சு, தேங்காய் நார் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன். சில காசுகளைத் தனித்தனியா காகிதத்துல மடிச்சு, மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி கட்டி வச்சிருந்தார். எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டி, காகிதத்தையெல்லாம் வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்.

மறுநாள் அந்த வியாபாரி டப்பாவைப் பார்த்தார். நல்ல மனுஷன். "சார், தப்பா நெனைச்சுக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சு, காசை அம்பாரம் அம்பாரமாப் பிரிச்சார். சேகரிப்பாளர்கள் எதையெல்லாம் கையால தொட மாட்டாங்கன்னு அன்னிக்குத்தான் ஒரே இடத்துல மொத்தமாப் பார்த்தேன்.

முதல் அம்பாரம், அளவுக்கு மீறிக் கிடைக்கிற காசு. இதுல முதலிடம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? சாட்சாத் ராஜராஜ சோழனுக்கு! ஒரு பக்கம் கையில பூவோட நிக்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற உருவம், பக்கத்துல நாகரி எழுத்துல 'ஸ்ரீ ராஜராஜ'. இந்தச் செப்புக்காசு தஞ்சாவூர்ப் பக்கம் ஆத்து மணல்லயும் வயல்லயும் கிடைச்சுக்கிட்டே இருந்திருக்கு. ஈழத்துலயும் அப்படித்தான். அங்க அது எவ்வளவு ஊறிப்போச்சுன்னா, பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகுவும் ராணி லீலாவதியும்கூட பேரை மட்டும் மாத்திட்டு அதே நிக்கிற உருவம், உட்கார்ந்த உருவத்தோட காசு அடிச்சாங்க. பெரிய கோயிலைக் கட்டினவர் காசு. டப்பாவுல ஏழு இருந்தது. ஆத்துல கிடைச்சதுன்னு பசங்க கொண்டு வந்து குடுத்துட்டு முறுக்கு வாங்கிட்டுப் போயிருப்பாங்க போல. வியாபாரி ஒதுக்கிட்டார். "முகம் தேஞ்சிருக்கு. இது மாதிரி கிலோ கணக்குல வருது சார்."

ரெண்டாவது, அலுமினியம். சதுர அஞ்சு பைசா, வளைவு வளைவா ஓரம் வச்ச பத்து பைசா, அறுகோண மூணு பைசா, இருபது பைசா. அபூர்வமான சில வருஷங்களைத் தவிர யாரும் சீந்த மாட்டாங்களாம். 2011 ஜூன் 30-லேர்ந்து இருபத்தஞ்சு பைசாவும் அதுக்குக் கீழே இருக்கிற எல்லாமும் சட்டப்படியே செல்லாது. ஆக, கடையிலயும் ஆகாது, ஆல்பத்துலயும் ஆகாது.

மூணாவது, ஓட்டை போட்டது, வளையம் பத்த வச்சது. புள்ளைங்களோட அரணாக்கயிறுல கோக்கவும், கழுத்துல போடவும் நம்ம ஊர்ல வெள்ளிக் காசுல ஆணி அடிச்சு ஓட்டை போட்டாங்க. சேகரிப்பாளர் கண்ணுக்கு அது ஊனமான காசு. எடைக்குத்தான் போகும். இங்க ஒரு அநியாயம் பாருங்க. 1943-லேர்ந்து 1947 வரைக்கும் வெள்ளைக்காரனே நடுவுல ஓட்டை வச்சு காலணா அடிச்சான். யுத்த காலம், உலோகத்தை மிச்சம் பிடிக்கணும். அந்த ஓட்டைக் காலணாவுக்கு ஆல்பத்துல தனி இடமே உண்டு. ஆக, சர்க்கார் போட்ட ஓட்டைன்னா வடிவமைப்பு, எங்க பாட்டி போட்ட ஓட்டைன்னா சேதாரம் :-)

நாலாவது, தேய்ச்ச காசு. இதைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கிடுச்சு. "புளி போட்டீங்களா சார்?" திருட்டு முழி முழிச்சேன். செம்புக்காசு மேல காலகாலமா படியிற களிம்புதான் அதுக்கு வயசுச் சான்றிதழாம். அதைத் தேய்ச்சு எடுத்தா காசு அம்மணமாயிடும்னு சொன்னார். அப்பாவுக்கு இது தெரிஞ்சா சிரிச்சிருப்பார். செம்புல களிம்பு மாதிரி உயிரோட ஆணவம் ஒட்டியிருக்குன்னு சைவ சித்தாந்தக்காரங்க சொல்வாங்க. அவங்களுக்குக் களிம்பு போகணும், இவங்களுக்குக் களிம்பு இருக்கணும். நடுவுல நான் புளியும் கையுமா!

கடைசியில அவர் எடுத்துக்கிட்டது நாலே நாலு வெள்ளி ரூபாய். மத்ததை "வேணும்னா எடைக்குப் போடுங்க சார்"னார். போடலை. ஏதோ ரோஷம். டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள அவரோட வாதாடிக்கிட்டே வந்தேன். வேண்டாத காசுங்கிறது நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. 1911-ல அஞ்சாம் ஜார்ஜ் ரூபாய் முதல்ல வந்தப்ப, அங்கியில இருந்த யானை உருவம் பன்னி மாதிரி இருக்குன்னு ஜனங்க முகம் சுளிச்சாங்க. அடுத்த வருஷமே யானைக்குத் தும்பிக்கை தெரியிற மாதிரி அச்சை மாத்தினாங்க. ஜனங்க வேண்டாம்னு சொன்ன அந்தப் 'பன்னி ரூபாய்'க்குத்தான் இன்னிக்குச் சேகரிப்பாளர்கள்கிட்ட கிராக்கி. அவ்வளவு ஏன், பத்து ரூபாய்க் காசு கதை நமக்குத் தெரியாதா? வதந்தியை நம்பி நம்ம ஊர்க் கடைகள்ல பத்து ரூபாய்க் காசை வாங்க மாட்டேன்னாங்க. பதினாலு வடிவத்துல வந்தது எல்லாமே செல்லும்னு 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கி அறிக்கை விட வேண்டியதாப் போச்சு. செல்லுற காசையே செல்லாக்காசு ஆக்கின ஊரு இது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. சங்க கால மன்னர்கள் சொந்தமா காசே அடிக்கலைன்னு ரொம்ப நாள் ஒரு பேச்சு இருந்தது. அதை மாத்தினது பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. கரூர் அமராவதி ஆத்துலயும் மதுரைப் பக்கமும் கிடைச்ச, களிம்பேறி முகம் தெரியாமக் கிடந்த சின்னச் சின்னச் செப்புக்காசுங்க. தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (2021-ல காலமானார்) அந்த மாதிரிக் காசுகளைப் பொறுமையா ஆராய்ஞ்சு, 'பெருவழுதி'ன்னு தமிழ்ப் பிராமியில எழுதின பாண்டியர் காசைக் கண்டுபிடிச்சார். 'மாக்கோதை', 'கொல்லிப்புறை'ன்னு சேரர் பேர்களும் கரூர்க் காசுகள்ல கிடைச்சிருக்கு. ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் புலியுமா சோழர்களோட சதுரச் செப்புக்காசும் இருக்கு. இதையெல்லாம் எடைக்குப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?

ஆராய்ச்சிக்காரங்க இன்னொண்ணும் சொல்வாங்க. காசைவிட முக்கியம், அது எங்க கிடைச்சுது, எதோட சேர்ந்து கிடைச்சுதுங்கிறது. ஊர் பேர் தொலைஞ்சுட்டா பாதிக் கதை போச்சு. ஆத்துல பொறுக்கி, கைமாறிக் கைமாறி வர்ற காசுக்கு அந்தப் பாதி எப்பவும் இருக்காது. இதை ரொம்ப நாள் முன்னாடியே படிச்சவன்தான் நான். படிச்சது எதுக்கு உதவிச்சுங்கறீங்க?

வீட்டுக்கு வந்து நடந்ததை அம்மாகிட்ட சொன்னேன். அம்மா டப்பாவைத் திறந்து துழாவிட்டு, "பொட்டலம் கட்டி வச்சிருந்தாரே, அதெல்லாம் எங்க தம்பி?"ன்னு கேட்டுது.

"பிரிச்சுட்டேன்மா. எல்லாம் இதுலதான் கலந்து கிடக்கு."

"காகிதம்?"

"அடுப்புல போட்டுட்டேன்."

அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் ஓட்டை போட்ட வெள்ளி நாலணா ஒண்ணைத் தேடி எடுத்துது. அஞ்சாம் ஜார்ஜ் தலைக்கு மேல ஆணி ஓட்டை. வியாபாரி ரெண்டாம் தடவை பார்க்காம ஒதுக்கினது.

"எழுவத்தேழு புயல்ல வந்தது இது. நீ பொறக்கலை அப்ப."

1977 நவம்பர் 12. தீபாவளியை ஒட்டி, நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்த புயல். பழைய தஞ்சாவூர் ஜில்லாவையே சாய்ச்சுப் போட்டுட்டுப் போச்சு. நட்ட பயிர் தண்ணிக்குள்ள. வேலை இல்லை. நடவுக்கு வர்ற அம்மா ஒண்ணு கைக்குழந்தையோட கடைக்கு வந்திருக்கு. குழந்தை இடுப்புக் கயித்துலேர்ந்து இந்த நாலணாவை அங்கேயே அவிழ்த்துக் குடுத்து ரெண்டு படி அரிசி கேட்டிருக்கு. அப்பா காசு வேண்டாம்னு சொல்லியிருக்கார். அந்த அம்மா சும்மா வாங்கிக்க மாட்டேன்னு நின்னிருக்கு. கடைசியில, "சரி, வச்சுக்கிறேன். அறுப்பு முடிஞ்சு வந்து மீட்டுக்க"ன்னு வாங்கி, பேரு, தெரு, வாங்கின சாமான் எல்லாம் பென்சிலால எழுதி மடிச்சு வச்சிருக்கார். அந்த வாரத்துல அது மாதிரி இன்னும் சில பேர். சில பேர் வந்து மீட்டுட்டுப் போயிட்டாங்க. மிச்சம்தான் பொட்டலம்.

"வந்தா குடுக்கணும்னுதான் அவ்வளவு காலம் வச்சிருந்தாரு. கடையை மூடினப்பக்கூட டப்பாவைத் தூக்கிப் போட விடலை. அந்தப் பொம்பள வரவேயில்ல."

"பேரு ஞாபகம் இருக்காம்மா?"

"உங்கப்பாதானே எழுதினாரு. எனக்கென்ன தெரியும்?"

அம்மா என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை. காபி போடப் போயிடுச்சு.

பொட்டலம் பிரிக்கும்போது ஒண்ணு ரெண்டு வரி கண்ணுல பட்டது இப்ப ஞாபகம் வருது. 'அரிசி 2 படி', 'ம.எண்ணெய்'. ஏதோ பழைய கடைக்கணக்குன்னு நினைச்சேன். பேரும் இருந்திருக்கும். நான் படிக்கலை. ஆத்து மணல்ல காசு பொறுக்குறவன் செஞ்சதையேதான் நானும் என் வீட்டு டப்பாவுல செஞ்சிருக்கேன். புளி போட்டதாவது போகட்டும், களிம்பு இன்னும் நூறு வருஷத்துல திரும்பப் படிஞ்சுடும். அந்தப் பென்சில் எழுத்து?

மாசி மாசம் ஊருக்குப் போயி, வயசானவங்க நாலஞ்சு பேர்கிட்ட விசாரிச்சேன். எழுவத்தேழு புயல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. நாலணா யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்தக் குழந்தை உயிரோட இருந்தா இன்னிக்கு அம்பது வயசை ஒட்டி இருக்கும். எங்கயாவது டீக்கடையில எனக்குப் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சிருக்கலாம்.

இப்ப அந்த நாலணா தனிப் பொட்டலமா இருக்கு. நானே ஒரு துண்டுச்சீட்டு எழுதி வச்சேன்: "1977 புயல். நடவுக்கு வர்ற அம்மா. கைக்குழந்தை இடுப்புக் கயித்துலேர்ந்து. அரிசி 2 படி. மீட்க வந்தால் கொடுக்கவும்." பேரு இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு. மத்த ஓட்டைக் காசு பதினொண்ணு. அதுல எது பொட்டலத்துல இருந்தது, எது சும்மா கல்லாவுக்கு வந்ததுன்னு அம்மாவுக்கே தெரியலை. அதையெல்லாம் ஒண்ணா ஒரு பையில போட்டு வச்சிருக்கேன். ஆல்பத்துல வைக்க மனசு வரலை.

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். காசுக்கு விலை தேறுமான்னு அப்புறம் பாருங்க. முதல்ல அது எப்படி வந்ததுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. காகிதம் ஏதாவது சுத்தியிருந்தா, தயவுசெஞ்சு படிச்சுப் பாருங்க.

டிஸ்கி: வியாபாரி எடுத்துக்கிட்ட அந்த நாலு வெள்ளி ரூபாயும் பொட்டலத்துலேர்ந்து வந்ததான்னு கேட்காதீங்க. அதைத்தான் நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.