முளைக்காத பயறும் ஒரு விடையே

தேர்வில் வெல்வது ஒரு திறன். ஆய்வில் நிலைப்பது வேறொரு திறன். தேர்வில், வினாவைத் தொடுப்பவர் அதன் விடையையும் அறிந்திருக்கிறார். ஆய்விலோ, விடையை எவரும் அறியார்; வினாவே சரியானதுதானா என்பதும் ஐயத்திற்குரியது. முனைவர் பட்டத்திற்காக உயிரியல் ஆய்வுக்கூடத்தில் காலடி வைக்கும் இளையோர் முதற்கண் எதிர்கொள்வது இந்த மாற்றத்தைத்தான். அதுகாறும் வகுப்பில் முதலிடம் பெற்றவர்களே இங்கு மிகுதியாகக் கலங்குகின்றனர்.

எம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி, 2012ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ஏழு பாடங்களிலும் 'ஏ' பெற்றவள். அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் 'ஏழு ஏ' வாங்கிய பிள்ளை என்னும் பெயர் அவளை விட்டு நீங்கவில்லை. அவள் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினாள். பேரா மாநிலத்து மாத்தாங் அலையாத்திக் காட்டு மரங்களிடையே உள்ள மரபு வேறுபாடுகளை அறிவது அவள் பணி. இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதன் ஒரு பகுதியைப் பி.சி.ஆர். முறையால் பன்மடங்காகப் பெருக்க வேண்டும். பெருகியிருப்பின், ஜெல் தகட்டில் ஓர் ஒளிக்கோடு தோன்றும். நான்கு மாதங்கள் ஆகியும் கோடு தோன்றவில்லை.

தீபாவளி விடுமுறையில் என்னைக் காண வந்தாள்.

"ஐயா, இந்தப் படிப்பு எனக்கு வராது போலிருக்கிறது. அப்பா இன்னமும் லாரி ஓட்டுகிறார். நான் ஏதேனும் வேலைக்குப் போய்விடலாம் அல்லவா?" என்றாள்.

அக்கேள்வி எளிதன்று. குடும்பச் சுமையை உணர்ந்த பிள்ளையிடம் வெறும் ஊக்கமொழி பேசிப் பயனில்லை. ஆகவே, வரலாறு இரண்டைச் சொன்னேன்.

அமெரிக்காவின் கரோல் கிரைடர், எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்பாடு உடையவர். நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தமையால், விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுள் இரண்டே அவரை ஏற்றன. 1984இல் பெர்க்கிலியில் எலிசபெத் பிளாக்பர்னின் மாணவியானார். குரோமோசோமின் முனைகளை நீட்டும் நொதி ஒன்று உண்டா என்பதே அவர் ஆய்வு. நன்னீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஓரணு உயிரியைக் கொண்டு தேடினார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, படச்சுருளில் ஏணிப்படிகள் போன்ற கோடுகளைக் கண்டார். உடனே முரசறைந்தாரா? இல்லை. வேறொரு நொதி தம்மை ஏமாற்றுகிறதோ என்று மாதக்கணக்கில் சோதித்தார். 1985 டிசம்பரில்தான் முடிவு வெளியாயிற்று. டெலோமெரேஸ் என இன்று வழங்குவது அந்நொதியே. 2009இல் மருத்துவ நோபல் பரிசு அவரையும் சேர்ந்தது.

அதே ஆண்டில் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், சிதம்பரத்தில் பிறந்தவர். 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர், பட்டம் பெற்றோம் என்று அமராமல், உயிரியல் துறையில் மீண்டும் மாணவராய்ச் சேர்ந்து அடிப்படையிலிருந்து கற்றார்.

இவற்றைச் சொல்லிவிட்டு, "கோடு ஏன் தோன்றவில்லை என்பதற்குரிய காரணங்களை வரிசையாக எழுதினாயா, அம்மா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, மீண்டும் மீண்டும் அதையே செய்துகொண்டிருந்தேன்" என்றாள்.

சில வாரங்களில் தொலைபேசியில் அழைத்தாள். நன்கு பெருகக்கூடிய வேறொரு டி.என்.ஏ.வோடு தன் இலைச்சாற்றைச் சிறிது கலந்து பார்த்தாளாம். அதுவும் பெருகவில்லை! சாற்றினுள்ளேயே தடைப்பொருள் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அலையாத்தி இலைகளில் ஃபினால் வகைப் பொருள்களும் பல்சர்க்கரைகளும் மிகுதி, அவை டி.என்.ஏ.வோடு ஒட்டி வந்து வினையைக் கெடுப்பன. தூய்மை செய்யும் முறையை மாற்றியதும் மங்கலாக ஒரு கோடு தோன்றிற்று. மூன்றாண்டுப் பணியில் அஃது ஒரு சிறு துளியே. வீட்டுச் சுமையும் குறைந்துவிடவில்லை. ஆயினும், வேலைக்குப் போகும் பேச்சை அவள் மீண்டும் எடுக்கவில்லை.

ஆசிரியர்களே, இப்பயிற்சி பல்கலைக்கழகத்தில்தான் தொடங்க வேண்டுமா? அறிவியல் பாடத்தில் பச்சைப்பயறு முளைக்கவைக்கிறோம். தன் பயறு முளைக்காத பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் பயிற்றியைப் பார்த்து 'முளைத்தது' என்று எழுதுகிறது. அப்பிள்ளையிடம், "கண்டதையே எழுது, ஏன் முளைக்கவில்லை என்று நாளை இருவரும் ஆராய்வோம்" என்று சொல்வோமாயின், நாளைய ஆய்வாளருக்குரிய முதற்பாடம் அன்றே தொடங்கிவிடும்.