அடுத்த வண்டி நான்கு நிமிடத்தில்

காலை எட்டரை மணி. தாணே ரயில் நிலையத்தின் நடைபாலத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் தோளை உரசிக்கொண்டு நகர்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் நடைமேடைக்கு மேலே தொங்கும் இண்டிகேட்டரில். வண்டி போகும் ஊருக்கு ஓர் எழுத்து, ஃபாஸ்ட்டா ஸ்லோவா என்பதற்கு ஓர் எழுத்து, எத்தனை நிமிடத்தில் வரும் என்பதற்கு ஓர் எண். மும்பைக்காரரின் அன்றைய ஜாதகம் அவ்வளவுதான்.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த ஊர் இது. 1853 ஏப்ரல் 16 அன்று 14 பெட்டிகளில் சுமார் 400 விருந்தினர்கள் போரி பந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் பயணம் செய்து இங்கே இறங்கினார்கள். இன்று ஒரே ஒரு லோக்கலில் அதைப்போலப் பல மடங்கு கூட்டம்.

தாணேயில் வீடும், தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் தொழிலும் உறவுமாக வாழும் தமிழர்களுக்கு அந்த எழுத்துகள் முக்கியம். ஃபாஸ்ட் வண்டி வழக்கமாக சயானிலும் மாட்டுங்காவிலும் நிற்காது; தவறி ஏறினால் தாதர் வரை போய்த் திரும்ப வேண்டும். செம்பூர் போகிறவர் குர்லாவில் இறங்கி ஹார்பர் வண்டி பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் இந்தக் கணக்கும் மாறிவிடும். ஒலிபெருக்கியோ மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில்தான் பேசும்.

இண்டிகேட்டர் இப்போது சட்டைப் பைக்கே வந்துவிட்டது. 'எம்-இண்டிகேட்டர்' செயலியில் கால அட்டவணையோடு, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பயணிகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மத்திய ரயில்வே 2022 ஜூலையில் லோக்கல்களில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி, 'யாத்ரி' செயலியில் வண்டி ஓடும் இடத்தைக் காட்டத் தொடங்கியது. பெங்களூரில் பிறந்து 2018இல் கூகுள் வாங்கிய 'வேர் இஸ் மை ட்ரெய்ன்', செல்போன் கோபுரங்களின் சிக்னலை வைத்தே வண்டி எங்கே என்று கணிக்கிறது. அது தமிழிலும் கிடைக்கிறது.

அடுத்த கட்டமும் வந்தாயிற்று. போனின் கேமராவை உயர்த்தினால், எதிரே தெரியும் தெருவின் மேலேயே அம்புக்குறி போட்டு வழிகாட்டுகிறது கூகுள் மேப்ஸ். புதிதாக வந்தவருக்கு நடைமேடையைக் காட்ட இது உதவலாம். ஆனால் எட்டரை மணிக்குத் தாணே பாலத்தில் கையை உயர்த்த இடம் ஏது?

இது சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. 2025 ஜூன் 9 காலை, தாணேயிலிருந்து கல்யாண் பக்கம் இரண்டாவது நிலையமான மும்ப்ராவில், எதிரெதிரே கடந்த இரண்டு லோக்கல்களின் வாசலில் தொங்கியவர்கள் தண்டவாளத்தில் விழுந்தார்கள். நான்கு பேர் அன்றே இறந்தார்கள். அலுவலகத்துக்கு நேரமாகிறது, அடுத்த வண்டி எப்போதோ என்ற பயம் ஒருவரை வாசலில் தொங்கவைக்கிறது. அடுத்தது நான்கே நிமிடத்தில் என்று நம்பிக்கையாகத் தெரிந்தால், இதை விட்டுவிடச் சிலருக்காவது மனம் வரும்.

ஆனால் அந்த வண்டியும் நிரம்பி வந்தால்? வண்டி எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. அதில் இடம் இருக்கிறதா என்பது தெரிவதில்லை. டோக்கியோவின் யமனோத்தே பாதையில் ஒவ்வொரு பெட்டியின் நெரிசலையும் ஜேஆர் ஈஸ்ட் செயலி காட்டுகிறது. தாணேவுக்கு வேண்டிய தகவல் அதுதான்.

தகவல் மட்டும் போதாது என்பதையும் தாணே அறியும். 2022 பிப்ரவரியில் தாணே - திவா இடையே ஐந்தாவது, ஆறாவது பாதைகள் வந்தன. 2024 மே இறுதியில் 63 மணி நேரம் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தி ஐந்தாம் நடைமேடையை அகலப்படுத்தினார்கள். மும்ப்ராவுக்குப் பிறகு, கதவு தானாக மூடும் லோக்கல்களை ரயில்வே அறிவித்தது. எல்லா வண்டியிலும் கதவு வரும் வரை, வாசலில் கால் வைக்குமுன் ஒரு முறை மேலே பார்ப்பது நல்லது. அடுத்த வண்டியின் நிமிடம் அங்கே எழுதியிருக்கிறது.